மாதாவுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ

என் கணவரிடமிருந்து ஃபோன் வந்தால் வண்டி எங்கோ நின்றுவிட்டது என்று அர்த்தம். வேறு எதற்கும் அந்த மனிதர் ஃபோன் பண்ண மாட்டார். கல்யாணமான புதிதில் இது புரியாமல் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். "போய்ச் சேந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?" என்பேன். "ஒண்ணும் ஆகலையே, எதுக்குப் பண்ணணும்?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்பார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையிலிருந்துதான் அதிகமாக அழைப்பு வரும். அந்த இடத்துக்கும் எங்கள் வண்டிக்கும் ஏதோ முன்ஜென்மப் பகை. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மகனைப் பற்றி அவருக்கும் இதே குறைதான். சமையலறையில் நானும் அத்தையும் முழு மனதாக ஒத்துப்போன ஒரே விஷயம் இது.

என் கணவர் இறந்து இரண்டாவது வருஷம் நடக்கிறது. வண்டியை நான் ஓட்டுகிறேன். ஒரு காலத்தில் மந்திரிகளும் டாக்டர்களும் போன, உருண்டை முதுகு வெள்ளைக் கார். "உனக்கு எதுக்கு இந்தப் பாரம், சின்னதா ஒண்ணு வாங்கிக்கோ" என்று சொல்லாத ஆள் சேலையூரில் கிடையாது. சொல்லச் சொல்லத்தான் எனக்குப் பிடிவாதம் ஏறும். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான் இயற்பியல் எடுக்கிற குரோம்பேட்டைப் பள்ளியின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் விலாவாரியாகச் சொல்வார்கள்.

அந்த வண்டியின் டேஷ்போர்டில் ஒரு வேளாங்கண்ணி மாதா நிற்கிறாள். ஒரு சாண் உயரச் சிலை, பீடத்துக்குள் சின்ன நீல பல்பு. என் கணவர் தன் கையால் பொருத்தியது. மீட்டர்களுக்குப் பின்னால் இருந்த பழைய தகரம் இற்றுப்போனபோது அதை எடுத்துவிட்டு ஒரு தேக்குப் பலகை போட்டார். அந்தப் பலகையை உள்சட்டத்தோடு சேர்த்து இறுக்கிய நீள ஸ்க்ரூவின் மேல் நுனியிலேயே மாதாவையும் திருகி நிறுத்தினார். சைடு லைட்டைப் போட்டால் மீட்டர்களில் மஞ்சள் வெளிச்சமும் மாதாவின் காலடியில் நீல வெளிச்சமும் வரும். அத்தை சனிக்கிழமைதோறும் மாதாவுக்கு ஈரம் சொட்டச் சொட்ட மல்லிகைச் சரம் சுற்றுவார். பிறகு மந்திரித்த உப்பு போட்ட தீர்த்தத்தை ஒரு மூடி எடுத்துத் தலையிலிருந்து ஊற்றுவார். தெளிக்க மாட்டார், ஊற்றுவார். அவருக்கு எதிலும் தாராள மனசு.

போன மழைக்காலம் முடிந்ததும் கோளாறு தொடங்கியது. மீட்டர் விளக்குகள் மங்கிக்கொண்டே போய் ஒரு நாள் அடியோடு அணைந்தன. ஹெட்லைட்டைப் போட்டால் பெட்ரோல் முள் தானாக எழுந்து 'ஃபுல்'லில் போய் நின்றது. பாதி டேங்கு ஓடுகிற வண்டிக்கு இப்படி ஒரு வரவு வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அடுத்ததாக நடந்ததுதான் விஷயம். பட்டப்பகலில், எந்த விளக்கும் போடாதபோது, இண்டிகேட்டரைத் தள்ளினால் மாதாவின் நீல விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

அதை முதலில் பார்த்தது அத்தைதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிற வழி, கோயில் தெருவுக்குள் இடப்பக்கம் திரும்பும் இடம். "பாத்தியா, பாத்தியா, கண்ணைச் சிமிட்டுறா" என்று என் முழங்கையைப் பிடித்தார். அடுத்த ஞாயிறு அதே திருப்பத்தில் மெல்லக் குனிந்து, "எம்புள்ள நல்லா இருக்கானாம்மா?" என்று கேட்டார். நான் இண்டிகேட்டரைத் தள்ளினேன். மாதா சிமிட்டினாள். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதோ நல்ல சேதி கேட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். மகன் போனதிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "அத்தை, வலப்பக்கம் திரும்பினாலும்தான் சிமிட்டுது" என்றேன். "அப்போ நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார். அதற்கு மேல் எந்த இயற்பியல் ஆசிரியை என்ன பேச முடியும்?

நடப்பது என்னவென்று எனக்கு ஓரளவு தெரிந்துதான் இருந்தது. வண்டியில் கரண்ட் ஒயர் வழியாக விளக்குக்கு வருகிறது. பேட்டரிக்குத் திரும்பிப் போக வண்டியின் இரும்பு உடம்புதான் வழி. அந்தத் திரும்பு வழியைத்தான் எர்த் என்கிறார்கள். அது அடைபட்டால் கரண்ட் சும்மா நிற்காது. ஜி.எஸ்.டி. ரோட்டில் நெரிசல் என்றால் ஆட்டோக்காரர்கள் கண்ட சந்திலும் நுழைந்து எங்கெங்கோ முளைப்பார்களே, அது மாதிரி. இண்டிகேட்டருக்கு வந்தது மாதாவின் பல்பு வழியாகத் தப்பிக்கிறது. மீட்டர் விளக்குக்கு வந்தது பெட்ரோல் முள்ளைத் தள்ளிக்கொண்டு போகிறது. எங்கேயோ ஓர் எர்த் செத்துவிட்டது. எங்கே என்பதுதான் கேள்வி.

வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நேரமும் அப்போதுதான் வந்தது. ஆர்.டி.ஓ. ஆபீசுக்குச் சோதனைக்குக் கொண்டுபோனேன். ஆய்வாளர் ஹெட்லைட்டைப் போடச் சொன்னார், இண்டிகேட்டரைப் போடச் சொன்னார், டேஷ்போர்டை எட்டிப் பார்த்தார், சிரித்துவிட்டார். "ஸ்பீடு மீட்டர் இருட்டா இருக்கு, பெட்ரோல் முள் டான்ஸ் ஆடுது, சாமி கண்ணடிக்குது. என்ன மேடம் இது?" என்றார். நல்ல மனிதர்தான். "இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க. அதுக்கு மேல போனா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

இந்த மாதம் தாண்டினால் வண்டி ரோட்டில் ஓட முடியாது. ஓடாத வண்டிக்கு ஒரே இடம்தான். பெங்களூரிலிருந்து கொழுந்தனார் ஃபோனில் அதைப் பதமாகச் சொன்னார். "அண்ணி, பேசாம ஸ்க்ராப்புக்குக் குடுத்துடலாம். எத்தனை நாள்தான் நீங்க அலைவீங்க?" எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்க அண்ணன் நடு ரோட்டுல நின்னு நின்னு காப்பாத்தின வண்டி. ஒரு பல்பு எரியலன்னு நசுக்கக் குடுக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

முதலில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். பல்பை மாற்றினார், ஃபியூஸை மாற்றினார், இண்டிகேட்டர் சுவிட்சையும் மாற்றினார். பழையபடி முள் எழுந்தது, மாதா சிமிட்டினாள். "மீட்டருக்குப் பின்னாடி பாத்தீங்களா?" என்று கேட்டேன். "பின்னாடி பாக்கணும்னா பலகையக் கழட்டணும் மேடம். பலகையக் கழட்டணும்னா மாதாவைக் கழட்டணும். ஏற்கெனவே எனக்கு நேரம் சரியில்ல" என்று நெற்றித் திருநீற்றைத் தொட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. முன்பு வண்டிக்குப் பெயிண்ட் அடித்தவரும் மாதாவை மட்டும் செய்தித்தாளில் சுற்றிவிட்டு, சுற்றிவர அடித்துக் கொடுத்திருந்தார். பீடத்தைச் சுற்றி இன்னும் பழைய வண்ணம் ஒரு வளையமாக நிற்கிறது.

அடுத்தது பள்ளிக்கரணையில் பட்டறை வைத்திருக்கும் பாய். என் கணவருக்குத் தெரிந்தவர். வண்டி அந்தப் பக்கம் நிற்கும்போதெல்லாம் வந்து கிளப்பிவிட்டவர். வேலை தெரிந்தவர், அது தனக்குத் தெரியும் என்பதை நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லவும் தெரிந்தவர். எதையும் கழற்றவில்லை. விளக்குகளைப் போடச் சொல்லிவிட்டுப் பானெட்டைத் திறந்தார். ஒரு நீள ஒயரை பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையை ஸ்பீடு மீட்டரின் பளபளக்கும் விளிம்பில் வைத்தார். மீட்டர்கள் மூன்றும் சட்டென்று எரிந்தன. பெட்ரோல் முள் நல்ல பிள்ளையாகப் பாதியில் போய் உட்கார்ந்தது. ஒயரை எடுத்தார், எல்லாம் இருண்டது.

"இன்னாக்கா பாத்துகினு கீறீங்க? எர்த்துதான். வேற ஒரு பேஜாரும் இல்ல" என்றார். பிறகு டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்த எர்த் ஒயரைத் தேடிப் போனார். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. "ஒயரு நேரா மேல போவுதுக்கா. மாதா நிக்கிற ஸ்க்ரூவுலதான் முடியுது. பலகை மரம் பாருங்க, அதனால சார் எர்த்த அங்க குடுத்துக்கீறாரு. அத்தக் கழட்டினாதான் வேலை."

"கழட்டுங்க" என்றேன்.

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "அது மட்டும் என்னால ஆவாதுக்கா."

"ஏன்?"

"உங்க சாமிக்கா. நான் ஸ்பேனரப் போட்டுத் திருப்பினா நல்லாவா கீது? நாளைக்கு சாரோட அம்மாவுக்கு ஒரு தலைவலின்னாக்கூட, நீ கை வெச்சியேடான்னு என் மனசே என்னியக் கேக்கும். அதுக்கு பதிலு முன்னாலயே ஒரு ஒயரு இழுத்து ஒட்டி வுட்டுடறேன்."

"டேஷ்போர்டு மேல ஒயர் தொங்கினா ஆய்வாளர் விடுவாரா? எனக்கு இந்தப் பிளாஸ்திரி வேலையெல்லாம் வேணாம் பாய்" என்று குரலை உயர்த்திவிட்டேன். அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப நீங்க கழட்டுங்க. உங்க வூட்டு சாமி. ஆனா அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க" என்றார். நியாயமான பேச்சு. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அத்தைக்குத் தெரியாமல் கழட்டி, சரி செய்து, பழையபடி வைத்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் எர்த் சரியானால் சிமிட்டுவதும் நின்றுபோகும். அடுத்த ஞாயிறு அதே திருப்பத்தில் அத்தை குனிந்து கேட்பார், மாதா பேசாமல் நிற்பாள். காரணம் தெரியாமல் அந்த மனுஷி என்னவென்று நினைத்துக்கொள்வார்? மகனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதானே? செத்த பிள்ளைக்காக இரண்டாம் முறை ஒரு தாயைப் பயப்பட வைக்க எனக்கு மனசு வரவில்லை. வண்டியையும் விட முடியாது, அத்தையையும் ஏமாற்ற முடியாது. நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சொன்னேன். எர்த்தை விளக்கினேன், ஆட்டோக்காரர் சந்தில் நுழைவதைச் சொன்னேன். "சரி பண்ணினா இனிமே சிமிட்டாது அத்தை. சும்மா எரியும், அவ்வளவுதான்."

அத்தை தட்டைக் கழுவியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். குழாயை நிறுத்திவிட்டு, "அவன் வெச்சதைக் கழட்டக் கூடாது" என்றார்.

"கழட்டலன்னா இந்த மாசத்தோட வண்டி முடிஞ்சுது."

"முடிஞ்சா முடியட்டும்."

"முடிஞ்சா எங்க போகும் தெரியுமா? ஸ்க்ராப்புக்கு. உங்க மாதாவோட சேத்துத்தான் போகும்" என்று கத்திவிட்டேன். கத்தின உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று சாயங்காலம் காபிக்குக் கூப்பிட்டும் வரவில்லை. எனக்கும் வீம்பு, இரண்டாம் முறை கூப்பிடவில்லை. வீட்டில் இரண்டு பொம்பளைகள், இரண்டு கதவு.

புதன்கிழமை பள்ளிக்கு லீவு. காலையில் நான் சாவியை எடுக்கும்போது அத்தை புடவை மாற்றி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பழைய வெள்ளைத் துண்டு. "நீயே கழட்டு. வேற யாரும் வேணாம். கழட்டினதும் எங்கிட்ட குடு, கீழ வெக்காத" என்றார். துண்டை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

பட்டறையில் பாய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அத்தை உட்கார்ந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறினேன். பல்பு ஒயரைப் பிரித்து, மாதாவை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். அசையவில்லை. பாய் எட்ட நின்றபடி, "எண்ணெ வுடுங்க, கொஞ்சம் பொறுங்க, இப்ப அந்தாண்ட திருப்புங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மறுபடி எண்ணெய் விட்டேன், மறுபடி திருகினேன். கை வழுக்கிப் பலகையின் விளிம்பில் இடித்துத் தோல் உரிந்தது. "வுட்டுடலாமாக்கா?" என்றார் பாய். "சும்மா இருங்க பாய்" என்றேன். சிலை உடைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. ஒரு வழியாகக் கர்ரென்று ஒரு சத்தம், மாதா என் கைக்கு வந்தாள். இறங்கிப்போய் அத்தையின் மடியில் கொடுத்தேன். அவர் துண்டால் சுற்றி, கைக்குழந்தையைப் போல் இடது தோளோரம் சாய்த்து வைத்துக்கொண்டார்.

நீள ஸ்க்ரூவையும் கழற்றிப் பலகையைத் தூக்கினேன். அடியில் ஒரே துரு. ஸ்க்ரூ பாதி இளைத்திருந்தது. ஒயரின் முனை வளையம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. அந்த ஒயரில், முனைக்குச் சற்று முன்னால், இரண்டு முடிச்சு. என் கணவர் எதைக் கட்டினாலும் இரண்டு முடிச்சுதான் போடுவார், சாப்பாட்டுக் கூடையில்கூட. காலையில் அவசரத்தில் அதை அவிழ்க்க முடியாமல் நான் திட்டாத நாள் கிடையாது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பாய் இருக்கிறார், அத்தை இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

பாய் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்க்ரூவை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். "தண்ணி பட்ட துரு இப்டி இருக்காதே. உப்பு அரிச்சிகினு கீதுக்கா. கடலாண்ட எங்கனா நிறுத்துனீங்களா?"

நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அத்தையின் குரல் வந்தது. "தீர்த்தம்பா. மந்திரிச்ச உப்பு போட்டது. நான்தான் வாராவாரம் ஊத்தினேன்."

பாய் என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். "அதுக்கென்னம்மா, நல்லதுக்குத்தான ஊத்துனீங்க" என்றார் அவர். "இனிமே பூவ மட்டும் வெய்ங்க. தண்ணிய நீங்க குடிச்சிடுங்க." அத்தை சிரித்துவிட்டார். கதவைச் சாத்திக்கொண்ட நாளுக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்குக் கோபமெல்லாம் அங்கேயே கரைந்துபோனது.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. மாதா இறங்கியதும் பாய்க்குத் தயக்கம் போய்விட்டது. உள்சட்டத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தார். ஒயரின் கெட்ட முனையை வெட்டிப் புது வளையம் போட்டு, வேறு ஓர் இடத்தில், தண்ணீர் எட்டாத மூலையில், பல் வைத்த வாஷரோடு இறுக்கினார். "அந்த முடிச்சு ரெண்டையும் எடுத்துடவா? ஒயரு கொஞ்சம் நீளும்" என்றார். "அது இருக்கட்டும்" என்று நானும் அத்தையும் ஒரே நேரத்தில் சொன்னோம். கடைசியில் பலகையைப் பொருத்தி, புது ஸ்க்ரூ போட்டு, மாதாவை நான் நிறுத்தினேன். சைடு லைட்டைப் போட்டேன். மூன்று மீட்டரும் மஞ்சளாக எரிந்தன, மாதாவின் காலடி நீலமாக எரிந்தது. ஹெட்லைட்டைப் போட்டேன், முள் அசையவில்லை. இண்டிகேட்டரை மட்டும் அப்போது போட்டுப் பார்க்கவில்லை. பாயும் போடச் சொல்லவில்லை.

அந்த வாரமே சோதனையில் வண்டி தேறியது. ஆய்வாளர் இண்டிகேட்டரைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "சாமி இப்ப ஒழுங்கா இருக்கு" என்றார். அவருக்குச் சிரிப்பு, எனக்குள் திக்கென்றது. வீட்டுக்கு வந்து பெங்களூருக்கு ஃபோன் போட்டு, "ஸ்க்ராப்புக்காரங்ககிட்ட வேற வண்டி பாத்துக்கச் சொல்லுங்க" என்று சொன்னதில் ஒரு திருப்தி இருந்தது. ஆனால் மனசு முழுக்க ஞாயிற்றுக்கிழமையில்தான் இருந்தது.

ஞாயிறு வந்தது. அத்தை முன்சீட்டில் உட்கார்ந்தார். மாதாவின் கழுத்தில் தண்ணீர் உதறின மல்லிகை, அளவாக. சுற்று வழியாகப் போய் எதிர்ப்பக்கத்திலிருந்து நேராக நுழைந்துவிடலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. அப்படி எத்தனை ஞாயிறு சுற்றுவது? திருப்பத்தில் வண்டியை மெதுவாக்கினேன். அத்தை வழக்கம்போலக் குனிந்தார். "எம்புள்ள நல்லா இருக்கானாம்மா?"

இண்டிகேட்டரைத் தள்ளினேன். டிக் டிக் என்று சத்தம் மட்டும் கேட்டது. மாதா அசையாமல் நின்றாள். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் ஒரு வண்டி ஹார்ன் அடித்தது, எனக்குக் கிளட்சை விட மனசு வரவில்லை.

அத்தை மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்துகொண்டார். "நல்லாத்தான் இருக்கான்" என்றார். "ஒண்ணும் இல்லன்னா அவன் எப்பம்மா ஃபோன் பண்ணியிருக்கான்?"

நான் இடப்பக்கம் திரும்பினேன்.